கிட்டப்பார்வைக்குக் கண்ணுக்குள் லென்ஸ்: "எப்ப வேணாலும் எடுத்துடலாம்" என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமா?

#1 ஒளிமுறிவு

லேசர் ஒத்துவராது என்று சொன்ன கையோடு ஐசிஎல் (இயற்கை லென்ஸை எடுக்காமல் கண்ணுக்குள் கூடுதலாக வைக்கும் லென்ஸ்) பேச்சு வந்துவிடுகிறது. கூடவே ஒரு வாக்கியமும் வரும்: "பிடிக்கலைன்னா எடுத்துடலாம், கண்ணு பழையபடி ஆயிடும்." பாதி உண்மை. லென்ஸை எடுக்கலாம். ஆனால் இழந்த எண்டோதீலியம் செல் (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கார்னியாவின் உள்பரப்புச் செல்) திரும்ப முளைக்காது, புரை விழுந்த இயற்கை லென்ஸ் மறுபடி தெளியாது.

பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு பக்கம் இழுப்போம். கணக்குக்கு ஒரு கண்ணை வைத்துக்கொள்வோம்.

வயது 27. பவர் -10.00, சிலிண்டர் -1.50. கார்னியா தடிமன் 500 மைக்ரான். முன்னறை ஆழம் (ஏசிடி, அதாவது கார்னியாவிலிருந்து இயற்கை லென்ஸ் வரை உள்ள தூரம்) ஒரு மெஷினில் 3.42 மி.மீ, இன்னொன்றில் 2.92. கருவிழியின் அகலம், ஒரு பக்க வெள்ளை விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை, 11.6 மி.மீ. எண்டோதீலியம் செல் ஒரு சதுர மி.மீ-க்கு 2,750. பவர் இரண்டு வருடமாக மாறவில்லை.

லேசர் ஏன் கூடாது? லென்ஸ் வைக்கலாமா? வைத்தால் எங்கே இடறும்?

#2 பிளவுவிளக்கு

லேசர் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கண்ணாடி கண்ணிலிருந்து 12 மி.மீ தள்ளி இருக்கிறது. -10.00 கார்னியா மட்டத்தில் -8.93 ஆகும். சிலிண்டரும் சேரும் அச்சில் -11.50 என்பது சுமார் -10.1. ஒரு டயாப்டருக்குச் செதுக்கும் ஆழம், செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை வர்க்கமாக்கி 3-ஆல் வகுத்தால் மைக்ரானில் வரும். 6 மி.மீ வட்டத்துக்கு 12 மைக்ரான், மொத்தம் 121. மூடி (ஃபிளாப்) 110. 500-இல் இரண்டையும் கழித்தால் 269 மிச்சம். குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது எல்லை, அதற்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 27 வயதில் இருட்டில் பாவை பெரிதாக விரியும். வட்டத்தை 6.5 ஆக்கினால் செதுக்கல் 142, மிச்சம் 248. எல்லைக்கோடு தாண்டிவிட்டது.

இன்னொரு அளவுகோல்: மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொடக் கூடாது. இங்கே சிறிய வட்டத்திலேயே 46%. கார்னியா பலவீனமாகி முன்னால் பிதுங்கும் எக்டேசியா வரும் இடம் இதுதான். ஆக இந்தக் கண்ணுக்கு லேசர் வேண்டாம் என்றது சரி.

அந்த ஏசிடி விஷயத்தைக் கவனியுங்கள். 3.42, 2.92 இரண்டும் தப்பில்லை. ஒரு மெஷின் கார்னியாவின் வெளிப்பரப்பிலிருந்து அளக்கிறது, இன்னொன்று உள்பரப்பிலிருந்து. வித்தியாசம் அப்படியே கார்னியா தடிமன், அரை மி.மீ. லென்ஸ் வைப்பதற்கு உள்பரப்பிலிருந்து அளந்ததுதான் கணக்கு. 3.42-ஐப் பார்த்து "தாராளமா இடம் இருக்கு" என்று சொன்னால் அங்கேயே முதல் பிழை.

#3 ஓடிமேசை

அதோட, அமெரிக்க எஃப்டிஏ அனுமதியில ஏசிடி குறைஞ்சது 3.0, வயசு 21-லிருந்து 45. ஐரோப்பிய அனுமதியில 2.8 வரைக்கும் போகலாம். நம்ம 2.92 நடுவுல மாட்டிக்கிச்சு. ஒரு ரூல்ல பாஸ், இன்னொண்ணுல ஃபெயில். எண்டோதீலியத்துக்கும் லென்ஸுக்கும் எவ்வளவு இடைவெளி மிச்சம்ங்கறதைத்தான் ரெண்டு எண்ணுமே கேக்குது.

#4 செல்கணக்கு

எண்டோதீலியம் பிறகு வளராத செல். கார்னியாவிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி அதைத் தெளிவாக வைத்திருப்பது அதன் வேலை. இயல்பாகவே ஆண்டுக்கு சுமார் 0.6% குறையும். அந்த வேகத்தில் 2,750 செல், 77 வயதில் ஏறக்குறைய 2,035. அதே கண்ணில் ஆண்டுக்கு 2% போகிறது என்று வைத்துக்கொண்டால் 77-இல் 1,000. அதற்குப் பிறகு புரை ஆபரேஷன் ஒன்று பாக்கி இருக்கும், அதுவும் தன் பங்கைத் தின்னும். 500-ஐ ஒட்டி வந்தால் கார்னியா வீங்கிப் பால் நிறமாகும். அதனால் 27 வயதில் "2,750 நல்ல எண்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. வயதுக்குத் தக்க குறைந்தபட்ச எண் வேறு வேறு.

இந்த ஒரு காரணத்துக்காகவே முன்னறையில் வைக்கும் லென்ஸ்கள் வரிசையாக அடிபட்டன. கார்னியாவும் ஐரிஸும் (பாவையைச் சுற்றியுள்ள நிறத் திரை) சேரும் கோணத்தில் ஊன்றும் கேஷே லென்ஸ் செல் இழப்பால் சந்தையிலிருந்து போய்விட்டது. ஐரிஸைக் கவ்விப் பிடிக்கும் ஆர்டிசன் இன்னும் இருக்கிறது, அமெரிக்காவில் 2004-இல் வெரிசைஸ் என்ற பெயரில் அனுமதி பெற்றது. வளையாத வகை என்பதால் 5 அல்லது 6 மி.மீ-க்குக் கீறல் போட வேண்டும். கண்ணை அழுத்தித் தேய்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அது சரிப்படாது. இன்று பெரும்பாலும் பேசப்படுவது ஐரிஸுக்குப் பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் உட்காரும் வகை.

#5 தூரத்துப்புள்ளி

எல்லாம் சரி. பத்து வருடத்தில் பாதிக் கண்ணில் மங்கல், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு கண்ணுக்குப் புரை ஆபரேஷன் என்று 2016-இல் ஒரு ஆய்வு வந்ததே. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

#6 பிளவுவிளக்கு

சொல்லத்தான் வேண்டும். 133 கண்களைப் பத்தாண்டு பார்த்த ஆய்வு அது. இயற்கை லென்ஸில் மங்கல் 54.8%, புரை ஆபரேஷன் 18.3%. எண் சரி. ஆனால் அது நடுவில் துளை இல்லாத பழைய வி4 மாடல் ஐசிஎல்.

கண்ணுக்குள் நீர் ஐரிஸுக்குப் பின்னால் சுரந்து, இயற்கை லென்ஸின் முன்முகத்தைத் தழுவி, பாவை வழியாக முன்னறைக்கு வருகிறது. இயற்கை லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது, இந்த நீர்தான் அதற்குச் சோறு. குறுக்கே ஒரு செயற்கை லென்ஸை வைத்தால் நடுப்பகுதியில் ஓட்டம் தேங்கும். வால்ட் வேறு குறைவாக இருந்தால் இரண்டும் உரசும். விளைவு, முன் உறைக்கு அடியில் மங்கல். பழைய மாடலுக்கு நீர் சுற்றிப் போக, ஒன்றிரண்டு வாரம் முன்பே யாக் லேசரால் ஐரிஸின் மேல்புறத்தில் இரண்டு துளை போட வேண்டியிருந்தது.

புதிய ஈவோ மாடலில் லென்ஸின் நட்டநடுவே 0.36 மி.மீ துளை. ஐரிஸில் லேசர் துளை வேண்டாம். ஐரோப்பாவில் 2011 முதல் இருக்கிறது. அமெரிக்க அனுமதி 2022 மார்ச்சில்தான்.

#7 தூரத்துப்புள்ளி

அமெரிக்க அனுமதிக்குக் காட்டியது 629 கண்கள், ஆறு மாதம். ஆறு மாதத்தில் யாருக்குப் புரை வரும்? பத்து வருட எண்ணுக்கு ஆறு மாத எண்ணைப் பதிலாக வைப்பது நியாயமா?

#8 பிளவுவிளக்கு

நியாயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த 629 கண்கள் சொல்வது இரண்டே: பாவை அடைப்பு ஒன்றுகூட இல்லை, பவர் குறி தப்பவில்லை (பத்தில் ஒன்பது கண் அரை டயாப்டருக்குள்). புரைக்கு வேறு இடத்தில் தேட வேண்டும். துளை மாடலை ஐந்தாண்டு தாண்டிப் பார்த்த வெளியீடுகளில் முன் உறை மங்கல் மிக அரிது. இருபதாண்டு எண் இன்னும் பிறக்கவில்லை, மாடலுக்கே அவ்வளவு வயது ஆகவில்லை.

இன்னொன்று, அதிக மைனஸ் கண்ணுக்கு லென்ஸ் வைக்காவிட்டாலும் நடுக்கருப் புரை (இயற்கை லென்ஸின் மையத்தில் வருவது) சீக்கிரமே வரும். எந்தப் புரை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பழியையும் ஐசிஎல் மேல் போட முடியாது.

#9 ஒளிமுறிவு

வால்ட் என்ற சொல் வந்துவிட்டது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஐசிஎல்லின் முதுகுக்கும் இயற்கை லென்ஸின் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. 250 முதல் 750 மைக்ரான் வரை இருந்தால் நிம்மதி. 250-க்குக் கீழே போனால் புரை பயம். 1,000 தாண்டினால் ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டுக் கோணம் குறுகும், ஐரிஸின் பின்பக்க நிறமி உரசி உதிரும்.

சிலிட் லேம்ப்பில் (மெல்லிய ஒளிக்கீற்றோடு கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கி) தனி அளவு மெஷின் இல்லாமலே கணிக்கலாம். ஒளிக்கீற்றைச் சாய்த்து அடித்தால் முதலில் கார்னியா ஒரு பட்டை, பிறகு லென்ஸ் ஒரு மெல்லிய கோடு, பிறகு ஒரு கறுப்பு இடைவெளி, அதன் பின் இயற்கை லென்ஸ். அந்தக் கறுப்பு இடைவெளியைக் கார்னியா பட்டையோடு ஒப்பிடுங்கள். சமமாக இருந்தால் சுமார் 500 மைக்ரான். பாதி என்றால் 250. இரண்டு மடங்கு என்றால் 1,000, போன் போட வேண்டிய நிலை.

வெளிச்சத்தில் பாவை சுருங்கினால் வால்ட் குறையும், இருட்டில் கூடும். ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில் அளக்காவிட்டால் போன தடவையோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

#10 ஓடிமேசை

வால்ட் எங்க முடிவாகுதுன்னா ஆபரேஷன்ல இல்ல, லென்ஸ் ஆர்டர் போடற ஃபார்ம்ல. ஈவோ நாலே சைஸ்ல வருது: 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ. தயாரிப்பாளர் அட்டவணைப்படி, ஏசிடி 3.5-க்குள்ள இருந்தா, விளிம்பு அளவு 11.6 வரைக்கும் 12.6 லென்ஸ். 11.7 ஆச்சுன்னா 13.2. நம்ம கண்ணு 11.6. ஒரு மெஷின் 11.6-னும் பக்கத்து ரூம் மெஷின் 11.8-னும் காட்டறது சர்வசாதாரணம். காலிப்பர் வெச்சுக் கையால அளந்தா அது மூணாவது எண். பத்துல ஒரு மி.மீ-க்கு லென்ஸே ஒரு சைஸ் தாவுது!

அடிப்படைக் கோளாறு இதுதான்: நாம அளக்கறது வெளிய தெரியற கருப்பு வட்டம். லென்ஸோட நாலு பாதமும் உட்கார்றது ஐரிஸ் பின்னாடி இருக்கற பள்ளத்துல (சல்கஸ்). ரெண்டுக்கும் உறவு உண்டு, ஆனா ஆளுக்கு ஆள் மாறும். சல்கஸை நேரா பாக்கணும்னா அல்ட்ராசவுண்ட் பயோமைக்ராஸ்கோப்பி. முன்கண் ஓசிடி-ல (ஒளியால குறுக்குவெட்டுப் படம் எடுக்கற ஸ்கேன்) ஸ்க்ளீரல் ஸ்பர் (கோணத்துல ரெண்டு பக்கமும் இருக்கற சின்ன மேடு) ரெண்டுக்கும் உள்ள தூரத்தை எடுத்து என்கே மாதிரி ஃபார்முலால போட்டும் சைஸை எடுக்கலாம். அதே ஓசிடி-ல இயற்கை லென்ஸ் எவ்வளவு முன்னால மேடு தட்டியிருக்குன்னும் பாத்துக்கணும். அந்த மேடு 600 மைக்ரானைத் தாண்டினா வால்ட் பத்தாம போற வாய்ப்பு அதிகம்.

#11 செல்கணக்கு

சைஸ் தவறிவிட்டால்? பெரும்பாலான கண்களில் சல்கஸ் மேல்-கீழாகச் சற்று நீளம். கிடைமட்டமாக வைத்த லென்ஸ் அதிகமாக வளைந்து நின்றால், அதை 90 பாகை திருப்பிச் செங்குத்தாக நிறுத்தினாலே வால்ட் இறங்கும். லென்ஸை மாற்ற வேண்டாம். ஆனால் நம் உதாரணக் கண்ணுக்கு டோரிக் லென்ஸ், அதாவது சிலிண்டரையும் திருத்தும் வகை. அதைத் திருப்பினால் சிலிண்டர் தலைகீழாகிவிடும். டோரிக்கில் சைஸ் தப்பினால் எடுத்து வேறு வைப்பதுதான் வழி.

#12 ஒளிமுறிவு

டோரிக் என்றதும் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். அச்சிலிருந்து 5 பாகை விலகினால் சிலிண்டரில் 17% மிச்சம் நிற்கும், 10 பாகைக்கு 35%, 30 பாகை விலகினால் சிலிண்டர் அளவில் ஒன்றுமே குறையாது, அச்சு மட்டும் மாறிப்போகும். -1.50-க்கு 10 பாகை என்றால் அரை டயாப்டர் மங்கல். படுத்ததும் கண் தன் அச்சில் சிறிது சுழலும். அதனால் குறி போடுவது நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது. லென்ஸின் பிடிப்பே சைஸில்தான் இருக்கிறது. வால்ட் குறைவாக, தளர்வாக உட்கார்ந்தது பின்னாளில் சுழலும். சைஸ் சரியாக இருந்தும் ஒரே கண்ணில் இரண்டு முறை சுழன்றால் மறுபடி திருப்பி வைத்துப் பயன் இல்லை.

#13 ஓடிமேசை

மேசையில என்ன நடக்குதுன்னு ஒரு தடவை சொல்லிடறேன். சொட்டு மருந்து போட்டுப் பாவையை விரிக்கறது, சொட்டு மருந்திலேயே மரத்துப் போக வைக்கறது, 5% போவிடோன் அயோடின். ஊசி நுழையற மாதிரி ரெண்டு சின்ன வழி, நெத்திப்பொட்டுப் பக்கமா 3 மி.மீ கிட்ட ஒரு கீறல். முன்னறைல ஜெல் (விஸ்கோ). சுருட்டின லென்ஸை இன்ஜெக்டர் வழியா விடறப்ப அது மெதுவா விரியும். அந்த நேரத்துல கண்ணு லென்ஸோட பாதத்துல இருக்கற அடையாளத் துளை மேலயே இருக்கணும். முன்னால போற பாதத்துல வலது பக்கம், பின்னால வர்றதுல இடது பக்கம். மாறித் தெரிஞ்சா லென்ஸ் குப்புற விரிஞ்சிருக்கு. உள்ள வெச்சே புரட்டிடலாம்னு கை நீட்டினா இயற்கை லென்ஸ்ல கீறல் விழும். வெளிய எடுத்து மறுபடி ஏத்தணும்.

அப்புறம் நாலு பாதத்தையும் ஒண்ணொண்ணா ஐரிஸுக்கு அடியில தள்ளறது. நடு 6 மி.மீ-ல கருவி போகவே கூடாது. கடைசியா ஜெல்லைக் கழுவறது. அவசரப்படற இடம் அதுதான். லென்ஸுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கற ஜெல், அடுத்த சில மணி நேரத்துல தொந்தரவு பண்ணும்.

#14 பிளவுவிளக்கு

அந்தத் தொந்தரவைக் கொஞ்சம் விரிக்கலாம். ஆபரேஷனுக்குப் பின் கண் அழுத்தம் ஏறினால் ஒரே மருந்தை எழுதிவிட்டுப் போகக் கூடாது, எப்போது ஏறியது என்று பார்க்க வேண்டும்.

முதல் நாள், அதிலும் முதல் சில மணி நேரம், வலியும் நெற்றிப் பாரமும்: பெரும்பாலும் மிச்ச ஜெல். கோணம் திறந்திருக்கும், வால்ட் மாறாமல் இருக்கும். ஏற்கெனவே போட்ட சிறு வழியை லேசாக அழுத்திக் கொஞ்சம் நீரை வெளியே விட்டால் இறங்கும், கூடவே அழுத்தம் குறைக்கும் சொட்டு. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் முன் 2 முதல் 4 மணி நேரத்தில் ஒருமுறை அழுத்தம் பார்ப்பது இதற்காகத்தான்.

முன்னறை ஓரங்களில் ஆழமே இல்லை, ஐரிஸ் பலூன் போல முன்னால் உப்பி நிற்கிறது: துளை அடைத்துக்கொண்டது. 0.36 மி.மீ-ஐ அடைக்க ஜெல்லோ அழற்சிச் சவ்வோ கொஞ்சம் இருந்தாலே போதும். பாவையை விரிப்பது, தேவைப்பட்டால் யாக் லேசர் துளை.

துளை திறந்திருக்கிறது, வால்ட் 1,200, கோணம் நாலு பக்கமும் நெருக்கி நிற்கிறது: லென்ஸ் பெரிது. சொட்டு மருந்தில் தள்ளிப்போட்டால் கோணம் ஒட்டிக்கொள்ளும், மாற்றிவிட வேண்டும்.

இரண்டு, மூன்று வாரம் கழித்து, வலியே இல்லாமல், பரிசோதனையில்தான் தெரிகிறது: ஸ்டீராய்டு சொட்டு. அதிக மைனஸ் கண்கள் ஸ்டீராய்டுக்கு இப்படி எதிர்வினை காட்டுவது சகஜம். சொட்டைக் குறைத்தால் சரியாகும். இதற்காக லென்ஸைக் கழற்றக் கூடாது.

#15 தூரத்துப்புள்ளி

சரி, பலன் பக்கம் வருவோம். "கண்ணாடியை விடத் தெளிவாகத் தெரிகிறது, பாதுகாப்புக் குறியீடு 1.2" என்று விளம்பரம் செய்கிறார்களே. லென்ஸ் விழித்திரையைக் கூர்மையாக்குகிறதா என்ன?

#16 ஒளிமுறிவு

விழித்திரை அப்படியேதான் இருக்கிறது. 12 மி.மீ தள்ளியிருக்கும் -10 கண்ணாடி எல்லாவற்றையும் சுமார் 11% சிறிதாக்கிக் காட்டுகிறது. லென்ஸ் கண்ணுக்குள் போனதும் அந்தச் சுருக்கம் போய்விடுகிறது, எழுத்து பெரிதாக விழுகிறது. பார்வை அட்டையில் அது ஏறக்குறைய அரை வரி. அந்தக் குறியீடு, ஆபரேஷனுக்குப் பின் கண்ணாடியோடு கிடைக்கும் உச்சப் பார்வையை முன்பு கிடைத்ததால் வகுத்து வருவது. 1-ஐத் தாண்டுவதில் ஒரு நல்ல பங்கு இந்த உருப்பெருக்கம்தான். லேசரிலும் சுருக்கம் போகும், ஆனால் அதிகப் பவருக்குக் கார்னியாவை ஆழமாகத் தட்டையாக்கும்போது ஒளிச்சிதறல் அந்த லாபத்தைத் தின்றுவிடும். -6 முதல் -20 வரை லேசரையும் உள்வைக்கும் லென்ஸையும் ஒப்பிட்ட காக்ரேன் தொகுப்பு (சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் ஆய்வு; இதில் மூன்று சோதனைகள், 228 கண்கள்) ஓராண்டில் கண்ணாடியில்லாப் பார்வையில் இரண்டும் ஒன்றே என்றது. உச்சப் பார்வையை இழந்தவர்கள் லென்ஸ் பக்கம் குறைவு, மங்கிய மாறுபாட்டைப் பிரித்தறிவதும் அங்கேதான் மேல்.

பலன் கணக்கில் யாரும் எழுதாத வரி ஒன்று: -10 கண்ணாடி போட்டுக்கொண்டு 40 செ.மீ-இல் படிக்கக் கண் சுமார் 1.9 டயாப்டர் குவிய வேண்டும். கண்ணாடி இல்லாமல் அதே தூரத்துக்கு 2.4. 27 வயதில் இந்த அரை டயாப்டர் தெரியாது. 43 வயதில் வைத்துக்கொண்டால் மறுநாளே செல்போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

#17 செல்கணக்கு

இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதைப் பற்றி: துளையின் சுவரில் ஒளி பட்டுச் சிதறுவது ஒரு காரணம், லென்ஸின் ஒளியியல் பகுதி 5 முதல் 6 மி.மீ-க்குள் இருக்க, பாவை அதைவிட விரிவது இன்னொன்று. பவர் கூடக் கூட அந்தப் பகுதி சிறிதாகும். பலருக்குச் சில மாதங்களில் மூளை பழகிவிடும். ராத்திரி வண்டி ஓட்டுவதே தொழில் என்றால் இருட்டில் பாவை அளவை எடுத்து லென்ஸின் அளவோடு பக்கத்தில் வைத்துப் பேசிவிட வேண்டும்.

விழித்திரைக்கு ஐசிஎல் எந்தக் காப்பும் தராது. கண் நீளமானது நீளமானதுதான். முன்பே பாவையை விரித்து ஓரம் வரை பார்த்து, பலவீனமான இடத்தில் துளை இருந்தால் லேசர் வேலி போட்டு ஆறவிட்டுப் பிறகு லென்ஸ். பவர் போய்விட்டதால் அதிக மைனஸ் கண் என்பதையே மறந்துபோகிறார்கள். மின்னல், திடீர் கரும்புள்ளி மழை, ஓரத்தில் திரை: அன்றைக்கே போக வேண்டும்.

#18 தூரத்துப்புள்ளி

-3, -4 ஆட்களுக்கும் இப்போது ஐசிஎல் போடுகிறார்கள். தடிமனான கார்னியா இருக்கும்போது கண்ணைத் திறந்து உள்ளே போவது எனக்கு ஒப்பவில்லை. உள் கண் சீழ் வந்தால் பார்வையே போகும், லேசரில் அந்த ஆழத்துக்கு ஆபத்து இல்லை.

#19 ஓடிமேசை

அது சுமார் ஆறாயிரத்துல ஒண்ணுன்னு ஒரு பெரிய கணக்கெடுப்பு உண்டு. ஆனா -4-க்கு நான் உங்க கட்சிதான், கார்னியா வடிவம் சந்தேகமா இருந்தாலோ கண்ணு ரொம்ப வறண்டிருந்தாலோ தவிர.

#20 பிளவுவிளக்கு

எனக்கு அவ்வளவு உறுதியில்லை. வறட்சி ஒரு சின்ன விஷயமாகப் பேசப்படுகிறது, கார்னியா நரம்பு அறுபட்டவர்களிடம் கேட்டால் தெரியும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.

உதாரணக் கண்ணுக்குத் திரும்பினால்: 2.92, 11.6 இரண்டும் விளிம்பில் நிற்கின்றன. சல்கஸைப் பார்க்காமல் 12.6 என்று ஆர்டர் போடமாட்டேன். அதற்கு முன் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் என்றால் இரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் குறைந்தது மூன்று வாரம் கழற்றி வைத்துப் பவரையும் கார்னியா வளைவையும் மறுபடி எடுக்க வேண்டும்.

வைத்த பின் மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம், பிறகு வருடம் ஒருமுறை: அழுத்தம், வால்ட், செல் எண்ணிக்கை, விழித்திரை ஓரம். இயற்கை லென்ஸ் வயதோடு தடிப்பதால் 27-இல் 300 மைக்ரானாக இருந்த வால்ட் 45-இல் அப்படியே இருக்காது.

#21 ஒளிமுறிவு

கடைசியாக ஒன்று. லென்ஸின் பவர், சைஸ், சீரியல் எண் எழுதிய அட்டையோடு, ஆபரேஷனுக்கு முந்தைய பவர், கண் நீளம், ஏசிடி மூன்றையும் அதன் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் புரை ஆபரேஷன் வரும்போது ஐசிஎல்லை எடுத்துவிட்டு அதே அமர்வில் புரையையும் எடுத்துவிடலாம். கார்னியா தொடப்படாததால் லேசர் செய்த கண்ணில் வரும் பவர் குழப்பம் இங்கே இல்லை. ஆனால் அளக்கும் மெஷின் சில நேரம் ஐசிஎல்லின் முன்முகத்தையே இயற்கை லென்ஸ் என்று நினைத்து ஏசிடியைக் குறைத்துக் காட்டும். பக்கத்தில் பழைய எண் இருந்தால் அந்தப் பிழை உடனே கண்ணில் படும்.